கட்டபெட்டு வரை

ஏறவில்லை, இறங்கினேன்.
இந்த வண்டிக்குள் அப்படித்தான் போக வேண்டியிருக்கிறது,
ஒரு கையை ஊன்றி, முதுகை மடித்து,
கிணற்றின் முதல் படியில் கால் வைப்பதுபோல்.
என் ஜீப்பில் நான் உலகத்தைக் குனிந்து பார்ப்பவள்.
இங்கே வெலிங்டன் நாய்கள் எல்லாம்
என்னைச் சமமாக நடத்தின.

கர்னல் பொன்னப்பா ஆறடி.
பக்கத்து இருக்கையில்
முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்தார்.
"சீட்டைப் பின்னால தள்ளிக்கலாமே, சார்?"
"மாட்டிக்கிச்சு. ரொம்ப நாளாச்சு.
நீங்க ரோட்டைப் பாருங்க."

பார்த்தேன்.
சாவியைத் திருப்பியதும்
மேடையேறியவர்போல் ஒருமுறை செருமியது.
கிளட்ச் கனம். கியர்க் குச்சி குட்டை,
மணிக்கட்டு நினைத்தாலே மூன்றாவது விழுகிறது.
சாலையின் ஒவ்வொரு ஒட்டும் தனித்தனியாகத் தெரிகிறது:
போன மழைக்கு அவசரமாய் வைத்தது,
தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி மறந்தது.
எதையும் மறைக்காமல்
நேராக முதுகெலும்புக்கே தெரிவிக்கிறார்கள்.

வண்டிச்சோலை தாண்டியதும் வாசனைகள்.
பத்தொன்பது வருடம், கண்ணாடி ஏற்றிக்கொண்டு,
டெட்டாலும் சாணமும் மணக்கும் ஜீப்பில்
இதே வழியில் போயிருக்கிறேன்.
யூகலிப்டஸ் ஒரு வளைவில் சட்டென்று நின்றுபோகும்,
அடுத்ததில்
பரணில் வாடும் தேயிலையின் பச்சைப் புளிப்பு தொடங்கும் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
நிழலுக்கு எடை உண்டு என்பதும்.
ஒவ்வொரு மரமும் அதைத் தலையில் வைத்துவிட்டு
உடனே எடுத்துக்கொண்டது.

எதிரே அரசுப் பேருந்து, மேலேறி வந்தது.
ஓரம் கட்டினேன்.
சக்கரத்து நட்டுகள் என் காதருகே சுழன்றன.
சன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும்
என் மடியைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.
ஒரு பையன் போட்ட மிட்டாய்க் காகிதம்
கர்னலின் தொப்பியில் உட்கார்ந்தது.
அவர் அதை எடுத்து, நான்காக மடித்து,
சட்டைப்பையில் வைத்துப் பொத்தானையும் போட்டார்.

எடப்பள்ளியில் மாடு குறுக்கே.
ஜெர்சி கலப்பு, மூன்றாம் ஈத்து.
மடி, நேராக என் கண் உயரத்தில்.
இப்படியொரு கோணத்தை
எந்தக் கல்லூரியிலும் காட்டவில்லை:
இடது பின்காம்பு சிவந்து இறுகியிருந்தது.
"போஜன்! அந்தக் காம்புப் பாலைக் கீழே ஊத்துங்க,
சாயங்காலம் வரேன்."
குரல் வந்த திசையை மேலே தேடி,
பக்கத்தில் தேடி,
கடைசியில் குனிந்தார்.
"டாக்டரம்மா!
மேல இருந்ததை எங்க விட்டீங்க?"

கர்னல் அப்போதுதான் சிரித்தார்.
முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது.

கட்டபெட்டில் டீ. வர்க்கி வாங்க அவர் போனதும்
நான் என் தொழிலைச் செய்தேன்,
பல்லைப் பிடித்துப் பார்க்கிற தொழில்.
இடதுபுறத் தரை விரிப்புக்கு அடியில் துரு,
ஐந்து ரூபாய் நாணய அளவு:
முப்பதாயிரம் குறைத்துக் கேட்கலாம்.
மாட்டிக்கொண்ட இருக்கைக்கு இன்னொரு இருபது.
எவ்வளவு மோசம் என்று
நெம்புகோலைச் சும்மா தொட்டேன்.

இருக்கை ஓடிப்போய்ப் பின்சுவரில் முட்டியது.
எண்ணெய் போட்டிருந்தார்கள். போன வாரமாக இருக்கலாம்.
தண்டவாளத்துக்கு நடுவில்
வெயில் படாத ஒரு பட்டை கம்பளம்,
அதில் ஒரு கொண்டை ஊசி.
வளைவு அல்ல. ஊசி.

அதை இருந்த இடத்திலேயே விட்டேன்.
இருக்கையை முன்னால் தள்ளினேன்,
கடக், கடக்,
எத்தனையாவது பல்லில் நின்றிருந்தது?
நான்கா, ஐந்தா?
அவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்,
எண்ணெய்க் கறை படிந்த காகிதப் பையுடன்.

உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார்.
முழங்காலுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே
விரற்கடை இடம். இரண்டுபேரும் அதைப் பார்த்தோம்.

"இன்னும் ஒரு பல்லு முன்னாடி," என்றார்,
வர்க்கியை என் பக்கம் நீட்டி.